நேர்காணலில் ‘பொழுதுபோக்கு என்ன?’ என்று கேட்பதற்கு முன்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பது என் வேலை. 19 ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலை என்றால் எனக்கு நேர்காணல்தான். குடியாத்தம், ஆற்காடு, சோளிங்கர் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களுடைய சொந்த விருப்பங்களைக் கேட்கலாமா என்று இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேட்கலாம். நான் கேட்ட மாதிரி மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். தரப் பரிசோதனை வேலைக்குக் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். “பொழுதுபோக்கு என்னம்மா?” என்றேன். “ஒன்றும் இல்லை சார்.” ‘ஆர்வம் குறைவு’ என்று தாளில் எழுதிவிட்டேன். எழுந்து போகும்போது, மேசையில் கிடந்த தோல் துண்டை விரலால் தடவி, “இது காய்ந்துவிட்டது போலிருக்கிறதே சார்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவராம். இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைக்க வேண்டும். காய்ந்துபோனால் கத்தரி பட்டதும் கீறும், ஈரம் மிஞ்சினால் பூசணம் பூக்கும். ஓட்டையையும் தடித்த நரம்பையும் ஒதுக்கி, அளவுத் தகட்டை மேலே வைத்து வெட்ட வேண்டும். இலை வீணானால் கணக்கில் இடிக்கும். நின்றபடியே சொல்லி முடித்தார். உண்ணி கடித்த தழும்பை ஒதுக்கித் தோலின் மீது அச்சை வைக்கிற எங்கள் கட்டிங் பிரிவின் வேலையும் அதுதான். போக்குவதற்குப் பொழுதே இல்லாதவரிடம் போய் நான் பொழுதுபோக்கைக் கேட்டிருக்கிறேன். தாளில் எழுதியதை அடித்தேன்.

அதன்பிறகு என் கேள்வி இதுதான்: “வீட்டிலோ ஊரிலோ நீங்கள் நன்றாகச் செய்கிற ஒரு காரியத்தை, ஒன்றும் தெரியாத எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.” கோலம், கிரிக்கெட் பந்துவீச்சு, ஆடு வளர்ப்பு, கூத்தில் மிருதங்கம், எதுவானாலும் சரி. ‘பாட்டு கேட்பேன், புத்தகம் படிப்பேன்’ என்று பயிற்சி வகுப்பில் மனப்பாடம் செய்த பதில் வந்தால், போலீஸ் விசாரணை போல ‘கடைசியாகப் படித்தது எது?’ என்று மடக்காதீர்கள். மடக்கினால் பிள்ளை பயப்படும், அவ்வளவுதான். கேள்வியை இன்னொரு முறை நிதானமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது என் பெரிய தவறு. எங்கள் பக்கத்தில் தை மாதம் எருது விடும் விழா நடக்கும். தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி, குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் ஓடிக் கடக்கிற காளைக்குப் பரிசு. மேற்பார்வையாளர் வேலைக்கு வந்த ஒரு தம்பி, காளை வளர்ப்பதாகச் சொன்னார். என் அப்பாவும் காளை வைத்திருந்தவர். விடுவேனா? பருத்திக்கொட்டை எவ்வளவு, கொள்ளு எவ்வளவு, நீச்சல் பழக்குவது எந்தக் கிணற்றில் என்று 20 நிமிடம் பேசினோம். அடுத்து வந்தவருக்கு மிஞ்சியது 6 நிமிடம். தம்பியை எடுத்தேன்; மூன்று மாதம்கூட நிற்கவில்லை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நான் எடை போட்டது காளையை, ஆளை அல்ல.

நான் மட்டும் இப்படி இல்லை. லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் பெரிய சட்ட, வங்கி, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுக்கிற 120 பேரிடம் பேசி, 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓய்வு நேர ரசனை தங்களோடு ஒத்துப்போகிறவர்கள் பக்கம் அவர்களும் சாய்ந்தார்களாம். அவர்களுக்கு அவர்களுடைய விளையாட்டு, எனக்கு எருது.

ஆகவே எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஐந்து நிமிடம், கைக்கடிகாரம் மேசை மேல். மதிப்பெண் விருப்பத்துக்கு அல்ல, விளக்கத்துக்கு: வரிசையாகச் சொல்கிறாரா, எங்கே தவறு நேரும் என்று தெரிந்திருக்கிறதா, நான் புரியாமல் விழித்தால் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாரா. அடுத்தவர் உள்ளே வருவதற்குள் எழுதிவிடுங்கள். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் இதைக் கேட்கவே வேண்டாம். அவர் செய்த வேலையைப் பற்றிக் கேட்கவே நேரம் போதாது.

தொடக் கூடாத இடங்களும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியில் காவடி எடுப்பேன் என்றோ, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பேன் என்றோ ஒருவர் சொன்னால், காவடி எடுக்கிற விதத்தையோ பாடம் எடுக்கிற விதத்தையோ பற்றிப் பேசுங்கள், மதத்துக்குள் போகாதீர்கள். ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று கேட்டே விடாதீர்கள். நம் பக்கத்தில் அது சாதியைக் கேட்பதுதான். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பெண்களிடம் ‘கல்யாணத்துக்குப் பிறகும் இதெல்லாம் செய்வீர்களா?’ என்பதும் வேண்டாம். ஆள் எடுப்பதிலேயே பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டமே சொன்னது; அதன் இடத்துக்கு வந்த 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

சிலர், “சொல்ல ஒன்றும் இல்லை சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் வேலைக் கேள்விக்குக் கொடுத்துவிடுங்கள். இன்னும் சிலர் துணிந்து, “உங்களுக்கு என்ன பிடிக்கும் சார்?” என்று திருப்பிக் கேட்பார்கள். நான் ‘மாடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, அடுத்த தாளை எடுத்துக்கொள்கிறேன்.