உயர்ந்த வேலிச் சண்டை: மரம் வெட்டும் வாளை எடுக்க முன்னம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் பதினெட்டு வருடமாகத் தோட்ட வேலை செய்கிறேன். வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கியதும் ஒரே மாதிரி அழைப்புகள் வரும். போன மாதமும் ஒன்று வந்தது. "அண்ணை, பக்கத்து வீட்டு லெய்லாண்டி எங்கடை குசினியை இருட்டாக்குது. எங்கடை பக்கத்தை நானே வெட்டப் போறன். செயின்சோ வாடகைக்கு எடுத்திட்டன்." லெய்லாண்டி என்பது இங்கே வேலியாக நடுகிற, என்றும் பச்சையான மரம். வாளைத் தொடாமல் இரும் தம்பி, வாறன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அந்தப் பிழையை ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன்.

கத்தாதீர்கள், மிரட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கள் பக்கம்தானே என்று வெட்டுவது

இங்கிலாந்தில் உங்கள் எல்லைக்குள் நீட்டி நிற்கும் கொப்பை எல்லைக்கோடு வரை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. மரத்துக்குக் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பாதுகாப்பு உத்தரவு இருந்தால் முதலில் அனுமதி வேண்டும். இந்த உரிமையை நம்பித்தான் பலர் கெட்டுப்போகிறார்கள்.

2011 ஒக்டோபரில், லண்டன் ஹரோவில் ஒரு அக்காவின் பின்வளவு. பக்கத்து வீட்டு லெய்லாண்டி ஐந்து மீற்றர் உயரம், அக்காவின் பக்கம் இரண்டடி நீட்டி நின்றது. அயலவர் விடுமுறையில் போயிருந்தார். சட்டம் எங்கள் பக்கம் என்று எல்லைக்கோட்டுக்கு நேராகக் கயிறு கட்டி வெட்டினேன். உள்ளே பச்சையே இல்லை. பழுப்புக் குச்சிகள், கையில் பட்டதும் உதிர்கிற காய்ந்த செதில்கள், மூக்கை அடைக்கிற தூசு. வசந்தத்தில் துளிர்க்கும் என்று அக்காவுக்குச் சொன்னேன். துளிர்க்கவில்லை.

லெய்லாண்டியின் பச்சை வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய போர்வைதான். அதைத் தாண்டிப் பழைய தண்டுக்குள் வெட்டினால் மறுபடி தழைக்காது. யூ என்ற இன்னொரு வேலி மரம் தழைக்கும், இது தழைக்காது. அக்கா பிறகு தினமும் குசினி யன்னலால் பார்த்தது அந்தப் பழுப்புச் சுவரைத்தான். வெளிச்சமும் கூடவில்லை. கூடாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெயிலை மறித்தது உயரம், நீட்டி நின்ற இரண்டடி இல்லை. உச்சியைக் குறைக்கலாம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அயலவர், திரும்பி வந்து வேலியைப் பார்த்த பிறகு அக்காவோடு கதைப்பதையே விட்டுவிட்டார். அவர் பக்கத்தில் வேலி முன்போலவே பச்சையாக நின்றது. இன்றைக்கும் அந்தத் தெருவால் போனால் எனக்கு வயிறு பிசையும்.

ஆகவே வெட்ட முன்னம் கையை உள்ளே விட்டு இலையை விலக்கிப் பாருங்கள். பச்சை எங்கே முடிகிறதோ அங்கே நில்லுங்கள். அயலவரையும் கூப்பிட்டு இதைக் காட்டினால் இன்னும் நல்லது. உயரத்தைக் குறைப்பதென்றாலும் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

"இரண்டு மீற்றருக்கு மேல் வளர்க்கக் கூடாது"

அப்படி ஒரு சட்டம் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் எட்டாம் பகுதி, 2005 ஜூனிலிருந்து இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ மரங்கள் வரிசையாக நின்று, பெரும்பாலும் என்றும் பச்சையாக இருந்து, இரண்டு மீற்றரைத் தாண்டி வெளிச்சத்தை மறித்தால் கவுன்சிலில் முறையிடலாம் என்பதுதான் அதில் இருப்பது. முறையிட்டால் இரண்டு மீற்றராக்கித் தருவார்கள் என்று பொருளில்லை. கவுன்சில்கள் பார்க்கும் கணக்கு வேறு. சமதரையில், யன்னலுக்கு நேரே நிற்கும் வேலி என்றால், இரண்டுக்கும் இடையிலான தூரத்தில் பாதியோடு ஒரு மீற்றரைக் கூட்டினால் வருவதுதான் வேலிக்கு விடும் உயரம். ஆறு மீற்றர் தூரம் என்றால் நான்கு மீற்றர் உயரம். வளவுக்கு, வேலி தெற்கே நின்றால், வளவின் நீளத்தில் கால் பங்கு. பன்னிரண்டு மீற்றர் வளவுக்கு மூன்று. இரண்டில் குறைந்ததை எடுப்பார்கள். இந்த எண்ணோடு போய்க் கேட்டால் அயலவரும் காது கொடுப்பார். எடுத்த எடுப்பில் இரண்டு மீற்றர் என்று நின்றால் கதவைச் சாத்துவார்.

எல்லையைக் கிளறுவது

ஊரில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறிய குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில், வேலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, "உங்கடை மரம் எங்கடை காணிக்குள்ளை நிக்குது" என்று முடித்துவிடுகிறோம். உங்களுக்கு வேண்டியது வெளிச்சம். வெளிச்சத்தை மட்டும் கேளுங்கள்.

நேரே கவுன்சிலுக்குப் போவது

நீங்களாகத் தீர்க்க என்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் முறைப்பாட்டை ஏற்க மறுக்கலாம். பல கவுன்சில்கள் சில நூறு பவுண் கட்டணமும் வாங்கும். கதைத்த திகதி, எழுதிய கடிதத்தின் பிரதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் வையுங்கள். இன்னொன்று, வீட்டை விற்கும்போது அயலவரோடு ஏதும் தகராறு இருந்ததா என்று படிவத்தில் கேட்பார்கள். மறைக்க முடியாது.

குருவிக்கூடு

பறவை கட்டுகிற அல்லது பாவிக்கிற கூடு இருந்தால் வாளைத் தொடாதீர்கள். அதைத் தெரிந்தே சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வெட்டிய கொப்பை மதிலுக்கு மேலால் எறிவது

எறியாதீர்கள். வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் நீங்களே அகற்றுங்கள்.

அந்தத் தம்பி வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் வயதான ஆங்கிலேயப் பெண்மணியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடச் சொன்னேன். காலை பதினொரு மணிக்கு வந்தவர் குசினியில் லைட் எரிவதைப் பார்த்து, யன்னல் பக்கம் திரும்பி, தன் வேலியைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். இந்த வருடம் மூன்றரை மீற்றர், அடுத்த வருடம் மூன்று, செலவு பாதிப் பாதி என்று அங்கேயே எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். வேலிக்குள் ஒரு புறாக் கூடு இருக்கிறது, குஞ்சுகள் பறந்த பிறகு செப்டெம்பரில் போய் வெட்டுவேன்.