குச்சியை எறிவதற்கு முன் ஒரு நிமிடம்

சினை ஊசி போட்டு முடித்ததும் அந்த உறைவிந்துக் குச்சியை, அதாவது காளையின் விந்தை உறையவைத்து அடைத்த மெல்லிய குழலை, தூக்கி எறியாதீர்கள். காளையின் எண் அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதையும் தேதியையும் பசுவின் காது வில்லை எண்ணோடு நோட்டில் குறித்துவிடுங்கள். மகள்களின் பாலை வைத்துத்தான் காளையை மதிப்பிடுகிறார்கள்; தகப்பன் யாரென்று தெரியாத பசுவின் பால் கணக்கு அதற்கு உதவாது. நாளைக்கு அதே காளையின் விந்தையே அதற்குப் பிறந்த மகளுக்கும் போட்டுவிடும் ஆபத்து வேறு.

அப்புறம் பால் கணக்கு. "ஒரு நாள் 20 லிட்டர் கறந்தது" என்ற பெருமை இதில் சேராது. மாதம் ஒரு நாள், அன்றைய எல்லா வேளைப் பாலையும் அளந்து எழுதினால் போதும். 305 நாள் கறவையை, அதாவது ஒரு ஈற்றுக்குக் கணக்கிடும் மொத்தப் பாலை, அதிலிருந்து கணித்துவிடலாம். தலையீற்றுப் பசுவை, அதே பருவத்தில் கன்று ஈன்ற தலையீற்றுப் பசுக்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். நாலாம் ஈற்றுப் பசுவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நல்ல பசுவும் சோடையாகத்தான் தெரியும்.

பால் அளவில் பசுவுக்குப் பசு தெரியும் வேறுபாட்டில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் பரம்பரை. மீதி தீவனமும் பராமரிப்பும். சினை பிடிப்பதில் பரம்பரை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அந்தக் குணத்துக்கு ஒரு பசுவைப் பார்த்து முடிவெடுக்காமல், நிறைய மகள்களின் பதிவு உள்ள காளையாகக் கேட்டு வாங்குங்கள்.