கண்மாய் நீச்சலை மறந்துவிட்டு வாருங்கள்

ஆஃப்ஷோர் வேலைக்கு, அதாவது நடுக்கடல் எண்ணெய், வாயு மேடைகளில் (பிளாட்ஃபாரம்) வேலைக்கு, முதல் தடவை கிளம்பும் ஊர்ப் பையன்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எனக்கு நீச்சல் தெரியாதே, போசியட் பாஸ் ஆவேனா?" போசியட் என்பது அந்த வேலைக்குப் போகுமுன் முடிக்க வேண்டிய பாதுகாப்புப் பயிற்சி. தாராளமாக பாஸ் ஆகலாம். எனக்கு நீச்சல் தெரியும், அதனால்தான் மாட்டினேன்.

நான் ஸ்கஃபோல்டர் (சாரம் கட்டுபவன்), ராமநாதபுரம் பக்கம். கண்மாயில் குதித்து வளர்ந்த திமிர் உண்டு. போசியட் மூன்று நாள் பயிற்சி. அதில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்குவது ஹூவெட், ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி. ஹெலிகாப்டர் மாதிரி ஒரு கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, குளத்தில் இறக்கி, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கூண்டு சுற்றும்போதே நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். உடம்பு மிதந்துபோய்த் தரையில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் தரைதான் மேலே இருந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. டைவர்தான் இழுத்து வெளியே விட்டார். நீச்சலே தெரியாத நாகர்கோவில் வெல்டர் ஒருவர் அதற்குள் வெளியே வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவர் செய்தது இவ்வளவுதான். உட்கார்ந்ததும் ஒரு கையை ஜன்னல் விளிம்பில் வைத்தார், எடுக்கவே இல்லை. கவிழ்ந்தாலும் வலது பக்க ஜன்னல் உங்களுக்கு வலது பக்கம்தான். கண்ணுக்குத் திசை குழம்பும், கைக்குக் குழம்பாது. மூழ்கும் முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்ளுங்கள். தலைகீழானதும் மூக்கில் தண்ணீர் ஏறும், லேசாக மூக்கால் ஊதிக்கொண்டே இருங்கள். சுற்றல் முழுதாக நிற்கட்டும். பெல்ட்டோடு இருந்தபடியே ஜன்னலைத் தள்ளுங்கள். பெல்ட் இல்லாமல் தள்ளினால் ஜன்னல் நகராது, நீங்கள்தான் பின்னால் போவீர்கள். ஜன்னல் போனபின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டைக் கழற்றி, உடம்பை இழுத்து வெளியேறுங்கள். லைஃப் ஜாக்கெட்டை உள்ளே ஊதவிட்டால் அதுவே உங்களை மேலே ஒட்டவைத்துவிடும். வெளியே வந்தபிறகுதான் அதன் கயிற்றை இழுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் சுலபம். புகை அறையில் குனிந்து, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே, கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். ஹெச்டூஎஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) என்ற விஷ வாயு பற்றிய வகுப்பில் மட்டும் தூங்காதீர்கள். அழுகிய முட்டை வாடை திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அளவு கூடினால் அது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். மூக்கை நம்பாமல் டிடெக்டரை நம்புங்கள்.

பிளாட்ஃபாரத்தில் இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டு, கட்டிலிலிருந்து லைஃப்போட் வரை இரண்டு வழிகளில் நடந்து பாருங்கள். எத்தனை கதவு, எத்தனை படி என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை நார்த் என்ற கடல் மேடையில், அடிபட்ட ஒருவரை மேடையில் ஏற்றிவிட வந்த கப்பல் ரைசர் குழாயில் (கடலடியிலிருந்து மேடைக்கு எண்ணெய், வாயு ஏறும் குழாய்) மோதியது. வாயு கசிந்து தீப்பிடித்து 22 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் வழி கேட்டு நிற்க முடியாது.

அப்புறம், சான்றிதழ் 4 வருஷம்தான். காலாவதிக்கு முன்னால் போனால் ஒரே நாள் ரெஃப்ரெஷரோடு முடிந்துவிடும். விட்டுவிட்டால் மறுபடி மூன்று நாள், செலவும் முழுசு. தேதியை இப்போதே போனில் போட்டு வையுங்கள்.