தண்ணீரில் தலைகீழாய் நிற்கும் கட்டடத்தைப் படமெடுக்க

முக்காலியை நீர் விளிம்பிலேயே தாழ்வாக வைப்பேன். உயரே போனால் பிம்பத்தில் கட்டடத்தின் அடிப்பகுதியை எதிர்க்கரை மறைத்துவிடும். ரசமட்டம் பார்த்து கேமராவை நேராக நிறுத்துங்கள். அண்ணாந்தால் சுவர்கள் சாயும். உச்சி வெட்டுப்பட்டால் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் (கேமரா அசையாமல் லென்ஸை மட்டும் நகர்த்தவும் சாய்க்கவும் முடிகிற வகை) போட்டு, லென்ஸை மட்டும் மேலே ஷிஃப்ட் செய்யுங்கள், அதாவது நகர்த்துங்கள். என் 24 மி.மீ. லென்ஸ் 12 மி.மீ. வரை நகரும். மேலே நகர்த்தி ஒன்று, கீழே நகர்த்தி ஒன்று எடுத்து இணைத்தால் கட்டடமும் பிம்பமும் முழுதாகக் கிடைக்கும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) ஷிஃப்டுக்கு முன்பே மேனுவலில் வைத்துவிடுங்கள். நகர்த்தியபின் கேமராவின் ஒளி மீட்டரை நம்ப முடியாது.

ஃபோகஸ்தான் பெரிய விஷயம். பிம்பம் நீர்ப்பரப்பில் இல்லை, கட்டடத்தின் தொலைவில் இருக்கிறது. பரப்பில் ஃபோகஸ் வைத்து ஒரு விடியற்காலை முழுவதையும் இழந்திருக்கிறேன்! டில்ட் (லென்ஸின் சாய்வு) பூஜ்யத்தில் இருக்கட்டும், லென்ஸ் துவாரத்துக்கு எஃப் 8 போதும். போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றிவிடுங்கள், திருப்பிய கோணத்தைப் பொறுத்து பிம்பத்தையே அது மங்கடித்துவிடும். காற்று எழுமுன் எடுத்து முடியுங்கள்.