முத்திரைப் படம் கலையாமல் வண்ணம் தீட்ட

வாழ்த்து அட்டையில் ரப்பர் முத்திரை குத்தி, ஆசையாக நீர்வண்ணம் தீட்டத் தொடங்குவோம். ஈரத் தூரிகை பட்டதுமே கறுப்புக் கோடு கரைந்து, மஞ்சள் இதழ் அழுக்குப் பச்சையாகிவிடும். நானும் இப்படி எத்தனையோ அட்டைகளைப் பாழாக்கியிருக்கிறேன். கோளாறு மையில்தான். நீர்வண்ணத்துக்குக் காய்ந்தபின் நீரில் கரையாத மை வேண்டும். ஆல்கஹால் மார்க்கருக்கோ கணக்கு வேறு: நீருக்கு அசையாத சில மைகள்கூட அதில் கசிந்துவிடும். அதே தாளின் துண்டொன்றில் முத்திரை குத்தி, நன்றாகக் காயவிட்டு, தூரிகையையோ மார்க்கரையோ ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். சரியான மை கிடைக்காவிட்டால் வண்ணப் பென்சில் இருக்கவே இருக்கிறது. அது எந்த மையோடும் சண்டை போடாது.

பரிசுப் பெட்டி என்றால், அட்டை தட்டையாக இருக்கும்போதே முத்திரையையும் வண்ணத்தையும் முடித்துவிடுங்கள். ஒட்டிய பெட்டியில் அடியில் பிடிமானமில்லாமல் படம் பாதிதான் பதியும். மடிக்கும் இடங்களில் அளவுகோல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிட்டால் மடிப்பு வெடிக்காது. மூடியின் நீள அகலம் அடிப்பெட்டியைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். பசை தடவும் ஓரங்களில் மட்டும் வண்ணம் வேண்டாம்.