பாரிஸ்ல போய் "மெனு குடுங்க"ன்னு கேக்காதீங்க (அ லா கார்ட் விஷயம்)

இங்கிலீஷ்ல எங்க பாத்தாலும் இருக்குற வார்த்தை தான் அ லா கார்ட். ஹோட்டல் ரூம்ல வச்சிருக்குற ஃபோல்டர்ல கூட இருக்கும், ஆனா அது பொறந்த ஊர்ல போய் உக்காந்தா தான் தெரியுது நமக்கு பாதி தான் புரிஞ்சிருக்குனு. மொத தடவ பாரிஸ்ல ஒரு சின்ன ரெஸ்டாரன்ட்ல பெருமையா "லெ மெனு, ஸில் வூ ப்ளே"ன்னேன் (மெனு, ப்ளீஸ்னு அர்த்தம்), வெயிட்டர் தலைய ஆட்டிட்டு போனாரு, சரி ஐட்டம் லிஸ்ட் போட்ட அட்டைய எடுத்துட்டு வருவாருன்னு பாத்தா கொஞ்ச நேரத்துல சூப் வந்து நிக்குது. அன்னிக்கு செட் சாப்பாட்டுல சாய்ஸே இல்ல போல, நான் ஆர்டரே குடுத்துட்டேன்னு அவரு நெனச்சுட்டாரு.

விஷயம் என்னன்னா பிரெஞ்சுல மெனுன்னா முக்கியமா ஒரே விலைக்கு வர்ற செட். அந்த அட்டைக்கு பேரு லா கார்ட். அ லா கார்ட்னா அந்த அட்டைய பாத்து உங்களுக்கு வேணுங்குறத தனித்தனியா சொல்றது, ஒவ்வொன்னுக்கும் தனி ரேட்டு. அதனால இங்கிலீஷ்ல சர்வசாதாரணமா வர்ற "அ லா கார்ட் மெனு" பிரெஞ்சுக்காரங்க காதுக்கு "தனித்தனியா வாங்குற செட்" மாதிரி கேக்கும். நாம இன்னும் ஒரு படி மேல, "மெனு கார்டு"ன்னு ரெண்டையும் ஒட்டிட்டோம். கார்டுங்குற இங்கிலீஷ் வார்த்தையும் அதே கார்ட்ல இருந்து போனது தான், அதுக்கு பின்னாடி லத்தீன் கார்ட்டா, அதுக்கும் பின்னாடி கிரேக்கத்துல பாப்பிரஸ் தாளுக்கு சொன்ன வார்த்தை. மெனு வேற வழி, லத்தீன்ல "சின்னது"ங்குற வார்த்தைல ஆரம்பிச்சு, நுணுக்கமா எழுதின லிஸ்ட்னு அர்த்தம் மாறி வந்தது.

தட்டுல என்ன வேணும்னு நாமளே சொல்றது ஒரு காலத்துல புதுசுங்க. 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல சத்திரத்துக்கு போனா தாப்ள் தோத் தான், அதாவது வீட்டுக்காரர் மேசை. ஒரே பெரிய மேசை, ஒரே நேரம், ஒரே விலை, என்ன வச்சிருக்காங்களோ அது தான், வழக்கமா வர்றவங்க நல்ல இடமா புடிச்சு உக்காந்து நல்லதையெல்லாம் அள்ளிடுவாங்க, புதுசா வந்தவன் மிச்சத்த தின்னுட்டு போகணும். 1760கள்ல பாரிஸ்ல ரெஸ்டாரன்ட்னு வந்துச்சு, அந்த வார்த்தையே மொதல்ல ஒடம்பு தேத்துற ஒரு சூப்புக்கு பேரு. அங்க தான் தனி மேசை, வேணுங்குற நேரம், விலை போட்ட லிஸ்ட் எல்லாம். 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல பெரிய கடைங்களோட கார்ட் செய்தித்தாள் மாதிரி பெரிய தாள்ல பொடி எழுத்துல அடிச்சு வருமாம். 1789ல ஆரம்பிச்ச பிரெஞ்சுப் புரட்சில பிரபுக்கள் தலை போனதும் வேலை போன சமையல்காரங்க தான் ரெஸ்டாரன்ட்ட கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க, 1789க்கு முன்னாடியே கடைங்க இருந்துச்சு. இங்கிலீஷ்காரங்க தாப்ள் தோத்த 17ஆம் நூற்றாண்டுலயே எடுத்துக்கிட்டாங்க, அ லா கார்ட் 19ல தான் போய் சேந்துச்சு.

சரி, இப்ப கடைக்குள்ள வாங்க. உக்காந்ததும் "லா கார்ட், ஸில் வூ ப்ளே"ன்னு கேளுங்க. வந்த அட்டைல ஒரு ஓரமா கட்டம் கட்டி மெனு இல்லன்னா ஃபோர்முல்னு போட்டு ஒரு விலை இருக்கும், மொதல்ல அத படிங்க. ஃபோர்முல்னா பெரும்பாலும் ரெண்டு ஐட்டம், ஆந்த்ரேயும் ப்ளாவும் (ப்ளான்னா மெயின் டிஷ்), இல்லன்னா ப்ளாவும் இனிப்பும். ஆந்த்ரேன்னா பிரான்ஸ்ல மொதல்ல வர்ற சின்ன தட்டு, அமெரிக்காவுல அதே வார்த்தை மெயின் டிஷ், அந்த ஞாபகத்துல ஆர்டர் பண்ணிட்டு பசியோட எழுந்து போகாதீங்க. அடுத்து ரெண்டு குட்டி வார்த்தை: ou-ன்னு போட்டிருந்தா "அல்லது", et-ன்னு போட்டிருந்தா ரெண்டும் உண்டு. சீஸுக்கும் இனிப்புக்கும் நடுவுல எது இருக்குன்னு கண்ண நல்லா தொறந்து பாருங்க, பாதி பேரு அங்க தான் ஏமாறுறாங்க. சில ஐட்டம் பக்கத்துல சப்ளெமான்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும், செட்டுக்குள்ளயே அதுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா காசு.

எது லாபம்? சும்மா ஒரு கணக்கு, ஆந்த்ரே 9 யூரோ, ப்ளா 19, இனிப்பு 8ன்னா தனித்தனியா 36, செட் 27ன்னா செட் தான் லாபம், ஆனா மூணும் சாப்பிட முடிஞ்சா மட்டும். ஒரு ப்ளா போதும்ங்குறவங்களுக்கு அ லா கார்ட் தான் சரி. மலிவு செட் நெறைய கடைல மத்தியானம் மட்டும், அதுவும் வாரநாள்ல தான், அட்டைலயே பொடியா போட்டிருப்பாங்க. பெரிய கடைல டேஸ்டிங் மெனு, அதாவது கொஞ்சம் கொஞ்சமா பல ஐட்டம் வர்ற செட் எடுத்தா சில எடத்துல மேசைல இருக்குற எல்லாரும் அதையே எடுக்கணும், கூட வந்தவங்கள கேட்டுட்டு வாய தொறங்க. போட்டிருக்குற விலைல வரியும் சர்வீஸும் அடக்கம். தண்ணிக்கு "யூன் கராஃப் தோ"ன்னு கேட்டா குழாத்தண்ணி ஃப்ரீ, வெறுமன வாட்டர்னா பாட்டில் வந்து பில்லுல ஏறலாம்.

பழைய தாப்ள் தோத் செத்துப்போகல, கிராமத்து பக்கம் ரூம் வாடகைக்கு விடுற வீடுங்கள்ல ராத்திரி சாப்பாடு அந்த பேருல இன்னும் நடக்குது. வீட்டுக்காரங்களோட ஒரே மேசைல உக்காந்து அவங்க சமைச்சத சாப்பிடணும். முன்கூட்டியே சொல்லி வைக்கணும், சைவம்னா அப்பவே சொல்லிடுங்க, ஏன்னா அங்க கார்டே கெடையாது.