பாக் நீரிணையின் இரு கரைக்கும் ஒரே கணக்கு: பிளாஸ்டிக் கூட்டாய்வு நடத்தும் முறை

கரை ஒதுங்கும் பிளாஸ்டிக்கை இராமேசுவரத்தில் ஒரு குழு ‘100 மீட்டருக்கு இத்தனை துண்டு’ என்று எழுதுகிறது. எதிர்க்கரையில், இலங்கையின் மன்னாரில் இன்னொரு குழு ‘சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்’ என்று எழுதுகிறது. இரண்டும் நேர்மையான உழைப்புதான். ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதையும் சொல்ல முடியாது. எனவே புரிந்துணர்வு ஒப்பந்தம், கருத்தரங்கு எல்லாம் பிறகு; முதலில் இரு தரப்பும் உட்கார்ந்து ஒரே படிவத்தை முடிவு செய்ய வேண்டும்.

கரையில்

100 மீட்டர் கரையை 5 மீட்டர் அகலத்தில் 20 பட்டைகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி நான்கை எடுங்கள். குப்பை அதிகம் தெரிகிற பட்டையாகப் பார்த்து எடுத்தால் கணக்கு அங்கேயே கெட்டது. நீரோரத்திலிருந்து, மணலில் படரும் அடம்பங்கொடி தொடங்கும் இடம் வரை நடந்து, 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் எண்ணுங்கள். அந்தத் தூரத்தையும் நாடா வைத்து அளந்து எழுத வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தூரம் 30 மீட்டர் என்றால் நான்கு பட்டைக்கும் பரப்பு 600 சதுர மீட்டர். 180 துண்டு கிடைத்திருந்தால் சதுர மீட்டருக்கு 0.3.

எண்ணிக்கைக்கும் எடைக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். அறுந்து ஒதுங்கிய வலைச் சுருள் எண்ணிக்கையில் ஒன்றுதான். எடையிலோ மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மணலை உதறி, வெயிலில் உலர்த்திய பிறகே தராசில் வையுங்கள்.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. வாடைக் காலத்தில் வங்கக்கடல் நீர் நீரிணை வழியாக மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கும். சோளகத்தில் (தென்மேற்குப் பருவக்காற்றில்) திசை திரும்பும். ஒரு கரையில் டிசம்பரிலும் மறுகரையில் ஜூலையிலும் எண்ணினால் அளக்கப்படுவது காற்று, குப்பை அல்ல. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை, இரு கரையிலும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். கடைசியாக எப்போது யார் கரையைத் துப்புரவு செய்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகமெங்கும் கடற்கரைத் துப்புரவு நடக்கும். அதற்கு மறுவாரம் எண்ணினால் கரை பொய்யான தூய்மையைக் காட்டும்.

‘உங்கள் குப்பை’ சண்டை

இது வரத்தான் செய்யும். பார்கோடின் முதல் மூன்று இலக்கங்களைக் குறித்து வையுங்கள்: 890 இந்தியா, 479 இலங்கை, 885 தாய்லாந்து, 955 மலேசியா, 899 இந்தோனேசியா. இது அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் எங்கே பதிவு பெற்றது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே வீசப்பட்டது என்று காட்டாது. கப்பலிலிருந்து விழுந்த போத்தலிலும் எண் இருக்கும். கூடவே தயாரிப்புத் தேதியையும், கொட்டலசு (கடலில் மிதப்பவற்றில் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிர்) ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் அது கடலில் நாள்கணக்காக மிதந்து வந்தது. லேபிள் பளிச்சென்று, கொட்டலசு இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கு.

மணலுக்குள்

மணலில் கலந்த நுண்பிளாஸ்டிக்கை எண்ண, 50 × 50 சென்டிமீட்டர் சட்டம் வைத்து, மேல் 5 சென்டிமீட்டர் மணலை எடுத்து உலர்த்தி, 5 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் சல்லடைகளில் சலியுங்கள். 1 மில்லிமீட்டர் சல்லடையில் நின்றதை உப்புக் கரைசலில் இட்டுக் கலக்கி, தெளியவிடுங்கள். ஒரு லிட்டர் நீருக்கு சுமார் 360 கிராம் உப்பு; அடர்த்தி 1.2 வரும். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன் மிதக்கும். பெட் போத்தல் துண்டும் பிவிசியும் அடியில் தங்கிவிடும். மறுகரை ஆய்வகம் அடர்த்தி கூடிய துத்தநாகக் குளோரைடு பயன்படுத்தினால் அவையும் மேலே வரும். அந்தக் கரை காரணமில்லாமல் அழுக்காகத் தெரியும். எந்தக் கரைசலானாலும் இரு பக்கமும் ஒன்றே. கடலுப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருப்பதால் கரைசலை முதலில் வடிகட்டுங்கள். ஈர வடிதாள் ஒன்றை மேசையில் திறந்து வைத்து, காற்றிலிருந்து அதில் விழும் இழைகளைக் கணக்கில் கழியுங்கள். உங்கள் உடையிலிருந்தே செயற்கை இழை உதிராதபடி, சட்டை பருத்தியாக இருக்கட்டும்.

பிளாஸ்டிக் குருணைக்கு (பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய ஆலைகளுக்குப் போகும் மூலப்பொருள் மணிகள்) தனி வரி போடுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி, சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. இதை வீட்டுக் குப்பையோடு சேர்த்து எண்ணினால் பழி பைக்கடைக்காரர் தலையில் விழும். எரிந்த குருணை கருத்து, நொறுங்கி, கல்லைப் போல இருக்கும். பழகாத கண் விட்டுவிடும்.

கொள்கைக்குப் போகும் கணக்கு

படிவத்தின் வரிகள் இரு நாட்டுச் சட்டங்களோடும் பொருந்த வேண்டும். ‘உணவு உறை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எந்த அதிகாரிக்கும் பயன் இல்லை. இலங்கை, 20 மில்லிலிட்டர் அல்லது அதற்குக் குறைந்த சாஷேக்களை (உணவு, மருந்து நீங்கலாக) 2021 மார்ச் 31 முதல் தடை செய்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் மீதான தமிழ்நாட்டின் 14 பொருள் தடை 2019 ஜனவரி 1 முதலும், இந்தியா முழுமைக்குமான தடை 2022 ஜூலை 1 முதலும் நடப்பில் உள்ளன. எனவே சாஷேக்கு அளவு, பைக்குத் தடிமன் எழுதுங்கள். தடிமனுக்கு எளிய வழி: பையின் தாளைப் பத்து அடுக்காக வைத்து மைக்ரோமீட்டரில் அளந்து பத்தால் வகுப்பது.

மணலை எல்லை தாண்டி எடுத்துச் செல்ல அனுமதி வாங்குவதற்குள் பருவமே முடிந்துவிடும். அதற்குப் பதில் கணக்கை மட்டும் பகிருங்கள். ஆய்வகங்களைச் சோதிக்க, சுத்தமான உள்ளூர் மணலில் எண்ணி வைத்த 50 குருணையைக் கலந்து, எண்ணிக்கையைச் சொல்லாமல் ஆய்வாளரிடம் கொடுங்கள். 45-க்குக் கீழே மீட்டால் சல்லடையையும் கரைசலையும் திரும்பப் பாருங்கள்.

முடிவை இரண்டு பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். வலை பற்றிய பகுதி சென்னையிலுள்ள வங்காள விரிகுடாத் திட்ட அமைப்புக்குப் போகட்டும். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் அதில் உறுப்பினர்கள். மற்றவை கொழும்பிலுள்ள தெற்காசியக் கூட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்துக்கு. மூலக் கணக்குத் தாளையும் இணைத்து அனுப்புங்கள். சராசரியை மட்டும் அனுப்பினால், ‘மூலக் கணக்கு எங்கே?’ என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.